அப்பாவும் நானும் இருந்த ஆப்

விவாகரத்து முடிந்து கொஞ்ச காலம் போன பிறகு என்னைத் துணை தேடும் அந்த ஆப்பில் சேர்த்துவிட்டது, குமுளி ரிசார்ட்டில் என்னோடு வரவேற்பில் வேலை பார்க்கும் பெண். ஆள் வராத ஒரு மத்தியானத்தில் என் போனைப் பிடுங்கி, போட்டோ ஏற்றி, வயதைப் போட்டு, நாலு வரி எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"பிடிச்சா வலது பக்கம் தள்ளுங்க, பிடிக்கலையா இடது பக்கம். அவ்வளவுதான்க்கா."

நாற்பது வயதைத் தாண்டியவளுக்கு அவ்வளவுதான் இல்லை. ஆனாலும் தள்ளிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு ஆனைக்கரையில், மலையின் விளிம்புக்குப் பக்கத்தில். கொஞ்சம் நடந்தால் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கக் கீழே தெரியும். அதனால் அந்த ஆப் எனக்குக் கீழே இருக்கும் ஆண்களை எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் போலக் காட்டும். பஸ்ஸில் போவதென்றால் குமுளி வரை போய், அங்கிருந்து மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

வந்தவர்களில் பாதிப் பேர் காலை வணக்கம் மட்டும் அனுப்புகிறவர்கள். ரோஜாப்பூ, சூரியன், சில நாள் பிள்ளையார். பதில் போட்டால் மறுநாள் இன்னொரு ரோஜா, பேச்சே கிடையாது. சுற்றுலா வந்தவர்கள் வெள்ளிக்கிழமை முளைப்பார்கள். 'உன் கண்கள் ஏதோ சொல்கின்றன' என்பார்கள். திங்கட்கிழமை அவர்கள் இருக்கும் இடம் எர்ணாகுளம் என்று காட்டும். ஒருவர் மூன்றாவது செய்தியிலேயே நாங்கள் என்ன ஆட்கள் என்று கேட்டார். இன்னொருவர் தினமும் தன் முன்னாள் மனைவியைப் பற்றிப் பேசினார். அவள் வைக்கும் மீன்குழம்பு வரை எனக்குத் தெரிந்துபோனது. நான் என்ன சமைப்பேன் என்று ஒருநாளும் அவர் கேட்கவில்லை.

இவர்களையெல்லாம் ரிசார்ட் பெண்ணிடம் சொல்லிச் சிரித்துவிடலாம். சிரிக்க முடியாத ஒரு வகை உண்டு. அக்கறையாகப் பேசுவார்கள், சாப்பிட்டாயா என்பார்கள், பஸ் கிடைத்ததா என்பார்கள். நமக்கும் அந்த நேரம் வந்தால் கை போனைத் தேடும். பிறகு ஒருநாள், சண்டை இல்லை, ஒரு சொல் இல்லை, நின்றுவிடும். எனக்கு அப்படி ஒருவர் சித்தூர்க்காரர், கொங்குத் தமிழ் பேசுகிறவர், கல்லூரியில் வேலை. 'ஏனுங்க, சாப்டாச்சுங்களா' என்று அவர் எழுதுவதை நான் அவருடைய குரலில் படித்துப் பழகியிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை அது நின்றது. என்ன தவறாகச் சொன்னேன் என்று பழைய செய்திகளை மேலே ஏற்றி ஏற்றிப் படித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த நாட்களில்தான் போனில் அப்பா வந்தார்.

பஸ்ஸில் உட்கார்ந்து தள்ளிக்கொண்டிருந்தபோது திரை நிறைய அப்பாவின் முகம். என் கல்யாணத்தில் எடுத்த படம். என்னை வெட்டிவிட்டிருந்தார், என் மாலையின் ஓரம் மட்டும் அவர் தோளுக்குப் பக்கத்தில் மிச்சமிருந்தது. வயதில் பத்து வருடத்துக்கு மேல் குறைத்திருந்தார். கீழே அவரே எழுதியது: 'மனைவி இறந்துவிட்டார். ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். சமைப்பேன். கோபம் வராது. பேச ஆள் வேண்டும்.'

போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். சிரிப்புத்தான் முதலில் வந்தது. வீட்டுக்கு வந்தபோது பேச ஆள் வேண்டும் என்று எழுதியவர் அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "பஸ்ஸுல கூட்டமா?" என்றார். "ஆமாப்பா" என்றேன். நாங்கள் தினமும் பேசிக்கொள்வது அவ்வளவுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கேட்கலாம் என்று நினைத்தேன். எப்படிக் கேட்பது? அவரைப் பார்த்தேன் என்றால் நானும் அங்கேதான் இருக்கிறேன் என்று ஆகும். ஒரு மகள் அப்பாவிடம் அதைச் சொல்ல எங்கள் வீட்டில் வார்த்தை இல்லை.

கொஞ்ச நாளில் அவர் தலைக்கு மை போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினார்.

"கம்பம் வரைக்கும் போயிட்டு வந்துர்றேம்மா. பழைய கூட்டாளி ஒருத்தர் வரச் சொல்லியிருக்காரு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிசார்ட்டுக்குத் திரைத்துணி வாங்க என்னையும் கம்பத்துக்கு அனுப்பினார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஜூஸ் கடையில் அப்பா உட்கார்ந்திருந்தார். எதிரே கிளிப்பச்சைச் சேலையில் ஒரு அம்மாள், ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவர் ஏதோ சொல்ல, அப்பா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அம்மா இருந்த காலத்தில்கூட அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கடைக்குப் பின்பக்கத் தெரு வழியாகச் சுற்றிப் போனேன். மனதுக்குள் அந்த அம்மாளைக் கும்பிட்டுக்கொண்டே போனேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மழை பிடித்த பிறகு ஒரு சாயங்காலம் அப்பா போனை நீட்டிக்கொண்டு வந்தார். பெயர் தெரியாமல் மேலே விரலால் மறைத்திருந்தார்.

"ஏம்மா, அனுப்புனா ஒரு டிக்தான் வருது. முன்னாடி ரெண்டு வரும். இதுக்கு என்ன அர்த்தம்?"

திரையைப் பார்த்தேன். வரிசையாக அவர் அனுப்பியவை. 'மழை அங்கேயும் உண்டா', 'காய்ச்சல் எதுவும் இல்லையே', 'நேரம் கிடைக்கும்போது பதில் போடவும்'. எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக். முகப்புப் படம் இருந்த இடம் வெறும் சாம்பல் வட்டம். எதிர்ப்பக்கம் பிளாக் செய்துவிட்டார்கள் என்று அர்த்தம், எனக்கு நன்றாகவே தெரியும். சித்தூர்க்காரரின் பெயருக்குப் பக்கத்திலும் அதே வட்டம்தான்.

"அவங்க போன் ஆஃப்ல இருக்கும்ப்பா" என்றேன்.

"இத்தனை நாளாவா?"

"ரிப்பேரா இருக்கும்."

அவருக்கு வேண்டியிருந்த சமாதானத்தை நான் கொடுத்துவிட்டேன். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு அவர் நினைப்பு வேறெங்கோ போனது. ரிப்பேர் என்றால் இதற்குள் சரிசெய்திருப்பார்கள், அப்படியானால் ஆளுக்கே ஏதோ முடியவில்லை என்று முடிவு செய்துவிட்டார். வாரநாள் என்றும் பாராமல் குடையை எடுத்துக்கொண்டு கம்பத்துக்கு இறங்கினார். இருட்டும் நேரத்தில் முழங்கால் வரை நனைந்து திரும்பினார்.

"கூட்டாளிக்கு என்னாச்சுப்பா?" என்று கேட்டேன்.

"தெரு பேர் மட்டுந்தான் தெரியும். வீடு தெரியல. ரெண்டு ஆசுபத்திரில விசாரிச்சேன். அப்படி யாரும் வரலைன்னுட்டாங்க."

துண்டை எடுத்துக் கொடுத்தேன். அப்பா, அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள், உங்களைத்தான் வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் இன்னும் எத்தனை ஆசுபத்திரி ஏறி இறங்குவார்? தலையைத் துவட்டிக்கொண்டே அவர் கேட்டார்.

"உன் போன்லருந்து ஒரு தடவை கூப்புட்டுப் பாக்கறியா? என் போன்லதான் ஏதோ கோளாறு."

அவர் நம்பரைச் சொல்லச் சொல்ல அழுத்தினேன். மணி போனது. ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார்கள். பின்னால் டிவி சத்தம், யாரோ குழந்தை சிரிக்கும் சத்தம்.

"ஹலோ, யாரு பேசுறது?" தெம்பான குரல். காய்ச்சல் இல்லை, ஒன்றும் இல்லை.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பேசு என்று தலையசைப்பாரோ என்று காத்திருந்தேன். அசைக்கவில்லை.

"கம்பம்... தையல் கடைங்களா?" என்றேன்.

"இல்லம்மா, ராங் நம்பரு. பாத்துப் போடும்மா." அன்பாகத்தான் சொன்னார்கள். வைத்துவிட்டார்கள்.

அப்பா துண்டை நான்காக மடித்தார். மறுபடி பிரித்து மறுபடி மடித்தார்.

"நல்லாத்தான் இருக்காங்க" என்றார். கூட்டாளி ஆணா பெண்ணா என்று நான் கேட்கவில்லை. அவரும் விளக்கவில்லை.

சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார். "ஏம்மா, நல்லாப் பேசிக்கிட்டு இருக்கறவங்க திடீர்னு ஏன் நிப்பாட்டுறாங்க?"

நான் அவரைவிட இருபத்தைந்து வயது சின்னவள், அவரைவிட அதிகம் பேரைப் பார்த்தவள். ரிசார்ட்டில் அந்தப் பெண்ணிடம் இந்த வகை, அந்த வகை என்று ஆட்களைப் பிரித்துப் பிரித்துச் சொன்னவள்.

"தெரியலப்பா. எனக்கும் தெரியல."

"ம்" என்றார். ரசம் கேட்டார். ஊற்றினேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டிலேயே இருந்தார். முன்னந்தலையில் நரை திரும்பி வந்தது. ஒரு ஞாயிறு, நானே பையை எடுத்துக்கொண்டு, "கம்பத்துக்குப் போயிக் காய்கறி வாங்கிட்டு வரலாமாப்பா? ரெண்டு பேரும் பேசிக்கிட்டே போலாம்" என்றேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"கம்பத்துல என்ன இருக்கு? இங்கிட்டே எல்லாம் கிடைக்குது" என்றார். டிவியைச் சற்று சத்தமாக வைத்தார்.

பையை ஆணியில் திரும்ப மாட்டினேன். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன ஓடுகிறது என்று தெரியாமலே நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.