இரண்டு நொடி காத்திருந்த பெட்டி

திருவண்ணாமலையில் எந்த விடுதியில் நெட் வராவிட்டாலும் திட்டு நெட் போட்டுக் கொடுத்த எனக்குத்தான். இதே பிழைப்பில் இருப்பவர்களே, உங்களுக்கும் இது புதிதாக இருக்காது.

பௌர்ணமிக் கூட்டம்

செங்கம் ரோட்டில் செல்வி அக்காவின் விடுதி. பின்கட்டில் யார் போனை எடுத்தாலும், அங்கிருக்கும் சின்னப் பெட்டி முன்கட்டு மெஷினைக் கேட்டு அதற்கொரு முகவரி வாங்கித் தரவேண்டும். முகவரி இல்லாத போனுக்கு நெட் கிடையாது. பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று பெட்டிக்கு நாம்தான் சொல்லவேண்டும். வேலை சுறுசுறுப்பாக நடக்கட்டும் என்று இரண்டு நொடி வைத்திருந்தேன், அதிமேதாவி. பௌர்ணமிக் கூட்டத்தில் முன்கட்டு மெஷின் திணற, பதில் வருவதற்குள் பெட்டி கையை விரித்துவிட்டது. ஒன்பதாம் அறைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார்: "நாலு தபா நெட் கேட்டாச்சு சார், ஒரு தபா கூட குடுக்கல!"

திரும்பிப் போன பெயர்

எத்தனை போன்கள் இப்படி வெறுங்கையோடு திரும்பின என்று பழைய பதிவைப் புரட்டினேன். ஒவ்வொரு பௌர்ணமியும் மாலை நாலு மணிக்கு ஒரே போன், அதற்கு வைத்திருந்த பெயர்: ஏழுமலை. கேட்கிறது, இரண்டு நொடி நிற்கிறது, போய்விடுகிறது.

ஏழுமலை அக்காவின் கணவர். இரண்டு வருஷம் முன்பு கிரிவலம் போனவர் திரும்பவில்லை. போனும் அவரோடு போயிற்று. அவர் துணிமணிகளைப் பின்கட்டுக் கடைசி அறையில் வைத்து அக்கா பூட்டிவிட்டார். இந்த மாதமே கருமாதி செய்துவிடச் சொல்லி கணவர் வீட்டார் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். மறைக்க மனசு வரவில்லை, காட்டிவிட்டேன். அக்கா சொன்னார்: "போயிட்டு வரேன்னுதான் தம்பி சொன்னாரு. வந்துட்டுதான் இருக்காரு, உன் பெட்டிதான் நிக்க விடல."

பத்து நொடி

நேரத்தைப் பத்து நொடியாக்கினேன். அடுத்த பௌர்ணமி நாலு மணிக்கு இருவரும் திரைமுன் உட்கார்ந்திருந்தோம். ஏழுமலை வந்தது. ஏழாவது நொடியில் முகவரி கிடைத்துவிட்டது.

பின்கட்டுக்கு ஓடினோம். தங்கியிருந்தவர்கள் எல்லோரும் கிரிவலம் போயிருந்தார்கள்; ஓர் ஆள் இல்லை. கடைசி அறையின் பூட்டில் தூசி கலையவில்லை. உள்ளே மட்டும் டிங், டிங் என்று மெசேஜ்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன, இரண்டு வருஷத்து மெசேஜ்கள். "சாவி குடுங்க்கா" என்றேன். அக்கா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்: "தொறக்க வேணாம் தம்பி. எல்லாம் நான் அனுப்புனதுதான், பொறுமையா படிக்கட்டும். கருமாதி வேணாம்னு அவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்."

இப்போதெல்லாம் எந்த விடுதியிலும் பத்து நொடிக்குக் கீழே வைக்க எனக்குக் கை வருவதில்லை. நெட் மெதுவாக இருக்கிறது என்று திட்டுகிறவர்கள் திட்டட்டும்.