என் தோளும் குடும்பத்தின் அபிப்பிராயங்களும்

போன வருடம் என் வலது தோள் இறுகிப்போனது. கையை நெஞ்சுக்கு மேல் தூக்கினால் உயிர் போகும். கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியில் நான் வேதியியல் ஆசிரியை. பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் சமன்பாடுகளை எழுதத் தொடங்கினேன். பின்பெஞ்சில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்காக ஒருவரும் புகார் செய்யவும் இல்லை.

வீட்டில் எனக்குத் தலைபின்னும் பொறுப்பு கணவருக்குப் போனது. உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று இன்றுவரை தெரியாத மனிதர், பின்னி முடித்ததும் அதைப் படமெடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டார். அவருக்குப் பாராட்டு குவிந்தது, எனக்கு வைத்தியம் குவிந்தது. ஒருவர் செருப்பில்லாமல் புல்லில் நடக்கச் சொன்னார். தோளுக்கும் புல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். படித்தவர்களுக்கு நம்பிக்கை இருக்காது என்று பதில் வந்தது.

எங்கள் தெருமுனைக் கிளினிக்கில் ஓர் இளம் பெண் டாக்டர். கையைத் தூக்கச் சொல்லி, பின்னால் மடக்கச் சொல்லிப் பார்த்தார். எனக்குச் சர்க்கரை இருப்பதைக் கேட்டதும், சர்க்கரை உள்ளவர்களுக்கு இது சகஜம் என்றார். தானாகவும் சரியாகலாம், ஆனால் மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூட இழுக்கும். வலி குறைய மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போடலாம், கூடவே பயிற்சியும் செய்தாக வேண்டும் என்று சொல்லி, யோசித்து வரச் சொன்னார்.

யோசிக்கும் வேலையைக் குடும்பம் எடுத்துக்கொண்டது. அலங்காநல்லூரில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் கொழுந்தன் மறுநாளே பைக்கில் வந்து இறங்கினார்.

“ஸ்டீராய்டு சுத்தக் கெமிக்கல், மதினி. எலும்பக் கரைச்சுப்புடும்” என்றார். ஊரிலுள்ள வயல்களுக்கெல்லாம் விஷம் விற்கிறவர் முகத்தில் அன்று தெரிந்த அக்கறையைப் பார்த்திருந்தால் நெற்பயிர்ப் புழுக்கள் அழுதிருக்கும்.

நான் போட்டுக்கொள்ளப் போகிறேன் என்றேன். டாக்டரை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று அவரும் கூடவே வந்தார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஒரு ஊசியில் எலும்பு கரையாது, சில நாள் சர்க்கரை ஏறும், அதைக் கவனிக்க வேண்டும் என்றார். கொழுந்தனுக்குத் திருப்தியில்லை. ஊசியென்றால் தான் ஓடுகிற ஆளில்லை என்று காட்ட, தன் பெருமையை எடுத்துவிட்டார். சளி பிடித்தாலும் உடம்பு அசந்தாலும் ஊரில் ஒருவர் இடுப்பில் ஒன்று போடுவாராம், மறுநாளே கடை திறந்துவிடுவாராம்.

“என்ன ஊசிண்ணே அது?” என்று டாக்டர் கேட்டார்.

“டெக்சான்னு சொல்லுவாரு.”

“அதுவும் ஸ்டீராய்டுதாண்ணே. அடிக்கடி போட்டா, இவங்களுக்கு ஆயிடும்னு நீங்க பயப்படுறது உங்களுக்கு நடக்கும்.”

கொழுந்தன் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, “அது இடுப்புல போடுறது, டாக்டரம்மா. இது தோள்ல போடுறதாச்சே” என்றார்.

டாக்டர் கை கழுவப் போய்விட்டார்.

தோளின் பின்பக்கம் துடைத்து ஊசியை இறக்கினார். உள்ளே ஏதோ திணிப்பதுபோல ஓர் அழுத்தம், அவ்வளவுதான். சர்க்கரை ஏறி, பிறகு இறங்கியது. அந்த வாரக் கடைசியில், பல மாதங்களுக்குப் பிறகு, வலதுபக்கம் ஒருக்களித்துத் தூங்கினேன். எழுந்ததும் அழுகை வந்தது. கணவரிடம் சொல்லவில்லை, குரூப்பில் போட்டுவிடுவார்.

வலி குறைந்ததே தவிர கை உடனே உயரவில்லை. சமையலறைச் சுவரில் விரல்களைச் சிலந்திபோல மேலே மேலே நடத்திப் பழகினேன். மழைக்காலம் முடிவதற்குள் மேல் அலமாரியிலிருந்து ரவை டப்பாவை நானே எடுத்தேன். பின்னல் வேலையிலிருந்து கணவரை விடுவித்தேன்.

தை மாதம் நாகமலை புதுக்கோட்டையில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த சித்தப்பா ஒருவரிடம் கொழுந்தன் பேசிக்கொண்டிருந்தார். “மதினி ரொம்பப் பயந்தாங்க. நாந்தான் தைரியம் சொல்லி, கூட்டிட்டுப் போயி ஊசி போட வச்சேன்.”

சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். கிளினிக் எப்போது திறந்திருக்கும் என்று கேட்டார்.

“சாயங்காலம் போங்க, சித்தப்பா. தனியாப் போங்க” என்றேன்.