ஐந்தாம் கால்

சித்தி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த கடலில் மீன் வாசனை இல்லை, பார்மலின் வாசனைதான் இருந்தது. அம்மாவின் தங்கையான அவள் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடையில், இரவல் வாங்கிய நுண்ணோக்கியோடும் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளோடும் ஆமத்தூரில் எங்களோடு வந்து தங்கினாள். குப்பியின் அடியில் தவிடு படிந்திருப்பதுபோலத் தெரியும். அது தவிடல்ல, துடுப்புக்காலிகள் என்றாள். இறாலுக்கும் நண்டுக்கும் உறவு, மீன்குஞ்சுகளுக்குச் சாப்பாடு.

நுண்ணோக்கிக்குள் பார்த்தபோது தவிட்டுக்கு உடம்பு வந்தது. அரிசிமணி போன்ற உடல், இருபுறமும் நீண்ட உணர்கொம்புகள், கவட்டைபோலப் பிளந்த வால். வலது கொம்பு நடுவில் வீங்கி மடங்கியிருந்தால் ஆண், பெண்ணைப் பிடித்துக்கொள்வதற்காம். அதுவரை எனக்கும் பிடிபட்டது. ஆனால் எந்த இனம் என்று சொல்ல அது போதாது. சித்தி ஒரு துளி கிளிசரினில் அதைக் கிடத்தி, தீக்குச்சியில் செருகிய ஊசியால் ஐந்தாவது ஜோடிக் காலை மட்டும் பிரித்தெடுப்பாள். அப்போது மின்விசிறி ஓடக் கூடாது, யாரும் தும்மக் கூடாது. ஒன்றுக்கு அந்தக் கால் இடுக்கிபோல வளைந்திருக்கும். அதே அச்சில் வார்த்ததுபோன்ற இன்னொன்றுக்கு அதில் ஒரு முள் கூடுதலாக இருக்கும். அந்த முள்தான் பெயரை மாற்றும்.

நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த அம்மா, ஒருநாள் வேனிலிருந்து இறங்கி முகங்கூடக் கழுவாமல் குனிந்து பார்த்தாள்.

"எல்லாம் ஒண்ணு கணக்காத்தான இருக்கு."

"அப்படித்தான் இருக்கும்க்கா. அஞ்சாங்காலப் பாத்தாத்தான் வேற வேறன்னு தெரியும்."

"எங்க ரூம்ல வந்து பாரு. பட்டாசுக்குப் போடுத வெள்ளி மருந்து மூஞ்சியெல்லாம் அப்பி எங்களையுந்தான் அடையாளம் தெரியாது" என்று அம்மா சிரித்தாள்.

கால் ஒடிந்துபோனவற்றைச் சித்தி தனிக் குப்பியில் போட்டாள். ஏதாவது ஒரு பெயரை வைத்துவிட வேண்டியதுதானே என்றேன்.

"தெரியலன்னா தெரியலன்னுதான் சொல்லணும். குத்துமதிப்பாப் பேரு வைக்கக் கூடாது." எதற்கும் அதட்டாதவள் அதற்கு அதட்டினாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், அம்மாவின் கம்பெனியில் வெடித்த சத்தம் ஆமத்தூர்வரை கேட்டது.

அப்பாவும் சித்தியும் என்னையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள். இறந்தவர்களில் மற்றவர்களை எல்லாம் உறவுக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு உடல்கள் மிச்சம். ஒன்று அம்மா, இன்னொன்று அதே அறையில் வேலை பார்த்த தாயில்பட்டிப் பெண். ஒரே வயது, ஒரே உயரம். வேலைக்கு நகை போட்டுக்கொண்டு போகக் கூடாது என்பதால் அதைவைத்தும் சொல்ல வழியில்லை. உள்ளே போய்வந்த அப்பா சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்ணின் புருசனும் அப்படித்தான். அடையாளம் சொல்ல முடியாவிட்டால் சோதனைக்கு அனுப்பலாம், முடிவு வர நாளாகும், அதுவரை இரண்டு உடல்களையும் தர முடியாது என்றார் அங்கிருந்த ஊழியர்.

"அவள இங்கன போட்டுட்டு நான் எப்படிய்யா வீட்டுக்குப் போவேன்" என்று அப்பா அழுதார்.

தாயில்பட்டிக்காரர் சித்தியிடம் வந்து கும்பிட்டார். "நீங்க படிச்சவுக. நீங்க பாத்துச் சொல்லுங்கம்மா. நான் கேட்டுக்கிடுதேன்."

சித்தி உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. வெளியே வந்து, "எடது பக்கம் இருக்கது எங்க அக்கா" என்றாள். குரல் நடுங்கவில்லை.

அந்தத் துக்கத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது. கண்ணுக்கே தெரியாத காலைப் பார்த்துச் சொல்கிறவளுக்கு அம்மாவைத் தெரியாதா? எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். "போயித் தண்ணி குடி" என்றாள். ஆராய்ச்சியை அவள் முடிக்கவேயில்லை.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, கேட்காமலே ஒருநாள் சொன்னாள். "ரெண்டுலயும் பாக்கதுக்கு ஒண்ணும் மிச்சமில்லட்டி. உங்கப்பா வீட்டுக்கு வரணும்ல. அந்தாளும் போகணும்ல."

அதற்கு முந்தைய வருடங்களில் எனக்கு அது தெரியாது. அம்மாவின் திதியன்று ஊர் இடுகாட்டில் விளக்கேற்றிக் கும்பிட்டதும், சித்தி பூவில் பாதியை வாழையிலையில் மடித்துக்கொண்டு தாயில்பட்டிக்குப் பஸ் ஏறிவிடுவாள். அக்காவுக்கு வாங்கிய பூவை யாரோ ஒருத்திக்கு எதற்குக் கொண்டுபோகிறாய் என்று ஒரு வருடம் பஸ் நிறுத்தம்வரை சண்டை போட்டுக்கொண்டே பின்னால் போனேன். அவள் பொட்டலத்தை மடியில் வைத்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும்வரை என் பக்கம் திரும்பவேயில்லை. அம்மாவை அதற்குள் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.