மல்லாட்டைக்கு ருஷ்ய மொழியில் என்ன?

அம்மா விதைக்காக மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரித்துக்கொண்டிருந்த ஒரு மதியத்தில்தான், இனி டெல்லிக்குப் போகப் போவதில்லை என்று அவளிடம் சொன்னேன். எழுபதுகளின் இறுதி அது. எங்கள் வீடு அடி அண்ணாமலையில். திருவண்ணாமலையில் எழுத்தராக இருந்த அப்பா, செய்தித்தாளில் ஒரு அறிவிப்பைப் பார்த்துவிட்டு, ருஷ்ய மொழி படிக்க என்னை டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருந்தார். முதலாண்டு வாய்மொழித் தேர்வில் கேட்ட எல்லாவற்றுக்கும் விடை தெரிந்திருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. என் ஆங்கிலத்தைக் கேட்டு வகுப்பில் சிரித்த சிரிப்பு காதிலேயே இருந்தது. விடுமுறை முடிந்ததும் மறுதேர்வு.

அம்மா காரணம் கேட்கவில்லை. "இன்னா பாஷைடி அது, ஒண்ணு சொல்லு, கேக்கறேன்" என்றாள்.

அவளைக் காட்டி, "எத்தா மாமா" என்றேன்.

உரிப்பதை நிறுத்தினாள். "எங்கண்ணன் எங்கடி வந்தாரு இதுல?"

அங்கே அம்மாவைத்தான் மாமா என்பார்கள் என்றேன். அவள் சிரித்து ஓய நேரமாயிற்று. 'இது அம்மா', அவ்வளவுதான். நம்மைப் போலவே, ஆங்கிலத்தின் 'இஸ்' மாதிரி நடுவில் ஒரு சொல் வேண்டாம் என்று விளக்கியபோது எனக்கே வியப்பாக இருந்தது. வகுப்பில் அதை வெறும் விதியாக மனப்பாடம் செய்திருந்தேன்.

அன்றிலிருந்து கேள்விகள்தான். மாட்டுக்கு என்ன, மழைக்கு என்ன, கோபம் வந்தால் எப்படித் திட்டுவார்கள். ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொல்லிப் பார்ப்பாள். தவறினால் கொஞ்சமும் கூச்சப்படாமல் மறுபடி சொல்வாள். அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு வாரத்தில் நான் முழு வாக்கியங்களாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள், "மல்லாட்டைக்கு இன்னா?" என்றாள். தெரியவில்லை. என்னிடமிருந்த சிறிய அகராதியிலும் இல்லை.

"அப்ப போய்த் தெரிஞ்சிக்கினு வந்து சொல்லு."

போனேன். மறுதேர்வில் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. தேறினேன். அன்று மாலையே நூலகத்தின் பெரிய அகராதியில் 'ஸெம்லியனோய் அரேஹ்' என்ற சொல்லைத் தேடிப் பிடித்து, அதற்கு 'மண்ணுக்குள் இருக்கும் கொட்டை' என்று பொருள் என வீட்டுக்கு எழுதினேன்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவள் சொன்னதை அப்பா பேச்சு மாறாமல் எழுதிய அஞ்சலட்டை வந்தது. "அவங்களும் செடியப் புடுங்கிப் பாத்துதான் பேரு வெச்சிருக்காங்க. அந்த ஊர்ப் பொண்ணு யாராச்சும் நம்ம பாஷையப் படிக்குதா? கேட்டுச் சொல்லு."

எனக்கு ஒருபோதும் தோன்றாத கேள்வி. மறுநாள் வகுப்பில் கையை உயர்த்தி எழுந்தேன். ருஷ்ய மொழியில் நானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.