தெரியவில்லை என்று எழுதுங்கள்

அக்காவின் பெருவிரலில் மை பூசியாகிவிட்டது. எதிரே தாளை விரித்து வைத்திருந்தார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி, நுவரெலியாவில் ஓர் அரசாங்க அலுவலகம், வெளியே விடாத மழை. எங்கள் குடும்பத்தில் மற்ற எல்லோருக்கும் பிரஜாவுரிமைப் பத்திரம் வந்துவிட்டது. எங்களைப் போலவே லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த அக்காவுக்கு மட்டும் வரவில்லை. அவள் ரேகை வைத்துவிட்டால், பாட்டன் காலத்தில் விட்டு வந்த, கண்ணால் கூடக் கண்டிராத இந்தியாவுக்கு அவளைத் தனியாகக் கப்பல் ஏற்றிவிடுவார்கள். அவளுக்கு எழுத்து தெரியாது. "என்னா எழுதியிருக்குன்னு வாசி" என்றாள். எனக்கு அப்போது பதினான்கு வயது, பள்ளிக்கூடத்தில் சத்தமாக வாசித்துப் பெயர் வாங்கியவள். 'நான் இலங்கையில் பிறக்கவில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன்' என்று வாசித்தேன். அக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

அதிகாரி சிங்களத்தில் பேச, பக்கத்தில் நின்ற கிளார்க் ஐயா தமிழில் சொன்னார். பிறப்புப் பதிவேட்டில் பெயர் இல்லை, ஆகவே பிறக்கவில்லை. முடிந்தது கதை! உண்மை என்னவென்றால், அந்த வருஷத்துப் புத்தகமே இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரிக் கூரை ஒழுகி, புத்தகம் நனைந்து கூழாகி, அதைத் தூக்கி எறிந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. இதை எங்கள் லயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் லயத்து ஆட்களைக் கேட்க அந்த அலுவலகத்தில் யாரும் தயாராயில்லை.

அக்கா குரலை உயர்த்தவில்லை. தினமும் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று பழகியவள், அங்கிருந்தே பேச்சை எடுத்தாள். "ஐயா, பெரட்டுல கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுறாரு. நான் பதில் சொல்லலைன்னா வரலைன்னு போடலாம், நியாயந்தாங்க. பெரட்டுப் புத்தகமே காணாமப் போயிருச்சுன்னா, நான் வரலைன்னு எப்பிடிங்க போடுவீங்க? அந்த வருசம் எங்க தோட்டத்துல ஒரு புள்ளகூடப் பொறக்கலீங்களா?" கிளார்க் ஐயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார். அப்படியானால் பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றார் அதிகாரி. "பொறந்தேன்னு நீங்க எழுத வேணாம். பொறக்கலைன்னும் எழுதாதீங்க. தெரியலைன்னு எழுதுங்க, ரேகை வைக்கிறேன்." அப்படி எழுதும் வழக்கமே இல்லையாம். "இன்னைக்குத் தொடங்குங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்தவள், அலுவலகம் மூடும் நேரம்வரை எழுந்திருக்கவில்லை. அதிகாரிக்கு மண்டை காய்ந்துவிட்டது. கடைசியில் அந்த வரியை அடித்து, 'விபரம் தெரியவில்லை' என்று கிளார்க் ஐயாவை எழுதச் சொன்னார். அக்கா ரேகை வைத்தாள். அந்தக் கோப்பை ஆம் என்றும் மூட முடியவில்லை, இல்லை என்றும் மூட முடியவில்லை. மூடாத கோப்பை வைத்துக்கொண்டு ஒருத்தியைக் கப்பலேற்ற முடியாது. அக்கா மறுநாள் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனாள்.

எண்பதுகளில் நான் பல்கலைக்கழகத்தில் கணினி படித்தேன். தர்க்க விதிகளால் புரோகிராம் எழுதும் பாடம் ஒன்று இருந்தது. தெரிந்த உண்மைகளையும் விதிகளையும் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்டால், கணினி தேடிப் பார்த்துப் பதில் சொல்லும். தேடிக் கிடைக்காததை எல்லாம் 'இல்லை' என்று சொல்லிவிடும். ஏதாவது ஒரு சட்டத்தை அப்படி எழுதி வரச் சொன்னார் விரிவுரையாளர். நான் பிரஜாவுரிமையை எடுத்தேன். எழுதி முடித்து, அக்காவைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் உள்ளே கொடுத்தேன். திரையில் விழுந்தது: இல்லை. அந்த அதிகாரியாவது ஒரு நாள் முழுக்க அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், இந்தச் சனியனுக்கு ஒரு விநாடி போதுமாக இருந்தது. அந்த விதிகளை எழுதியது நானே என்பதுதான் அதைவிட வலித்தது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். இல்லையென்று நிரூபணமானது ஒன்று, உண்டென்று காட்ட முடியாதது வேறொன்று என்று இரண்டு இல்லைகள் வைத்தேன். முடிவு ஒவ்வொன்றையும் ஒரு வாதமாக நிறுத்தி, அதை எதிர்க்கும் வாதத்தையும் பக்கத்திலேயே நிறுத்தினேன். 'பதிவில் பெயர் இல்லை, ஆகவே பிறக்கவில்லை' என்ற வாதத்தை 'பதிவேடே முழுமையானதில்லை' என்பது வீழ்த்தும். இரண்டு பக்கமும் நிற்க வாதம் இல்லாதபோது கணினி 'தெரியவில்லை' என்று சொல்லும். விரிவுரையாளர் உதட்டைப் பிதுக்கினார். "முடிவு சொல்லாத புரோகிராம் யாருக்கு வேணும்?" என்றார். "தெரியாத இடத்துல முடிவு சொன்னா அது பொய் சார்" என்றேன். எனக்குப் போடவேண்டிய புள்ளிகளை வெட்டிவிட்டார். வெட்டட்டும்! இன்று இதைப் பற்றி எங்கள் துறையில் கட்டுக்கட்டாக ஆய்வுக் கட்டுரைகள் இருக்கின்றன. அவற்றைப் பாடம் நடத்தும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கொழுந்து பறிக்கிற ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்து சொன்னதற்கு இத்தனை குறியீடுகளா என்று கேட்கத் தோன்றுகிறது, சில வகுப்புகளில் கேட்டும் இருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் சட்டம் மாறி, அக்காவைப் போலக் கோப்பு மூடாமல் இழுபட்டுக் கிடந்தவர்களுக்கெல்லாம் பத்திரம் கொடுத்தார்கள். அக்காவோடு நானும் போயிருந்தேன். புதிதாக வந்திருந்த இளம் அதிகாரி நல்ல மனிதர். தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மா, இனிமே நீங்க இந்த நாட்டு ஆள்" என்று சிரித்தபடி பத்திரத்தை நீட்டினார். அக்கா அதை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"இனிமே இல்லீங்க ஐயா. பொறந்ததுலேருந்தே. ஒங்களுக்குத்தான் இன்னைக்குத் தெரிஞ்சிருக்கு."