நூற்றைம்பதாவது பறவை

விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதி முடித்த பிறகுதான் நல்லுசாமி, "ஒருத்தரும் சத்தம் போடாதீங்க" என்று சொல்லுவார். ஆலத்தூர் நாட்டு மேட்டில் பனி இன்னும் விலகியிருக்காது. சில்வர் ஓக் உச்சியில் உட்கார்ந்திருக்கும் மைனாக்கள் விசில் கேட்டதும் கிளம்பிவிடும். அவற்றையும் அவர் எண்ணிக்கொள்வார். பறந்துபோன பறவையும் கணக்கில் சேரும் என்பது பறவை ஆர்வலர் மன்றத்தின் விதி. விதிகளை எழுதியவர் மன்றத்தின் செயலாளராகிய அவரே.

கழுத்தில் தொலைநோக்கி, தோளில் முக்காலி, உடம்பில் இலையும் சருகுமாக அச்சடித்த சட்டை. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டால் பறவைகளின் கண்ணுக்குத் தாம் தெரிவதில்லை என்பது அவருடைய நம்பிக்கை. அதற்கு மேல் மன்றத்தின் ஆரஞ்சு நிறத் தொப்பியையும் அணிந்திருப்பார். அது நிழற்படத்தில் மனிதர்களின் கண்ணுக்குத் தெரிவதற்காக.

உத்தியோகத்தில் அவர் சர்வேயர். சமவெளியிலிருந்து மாற்றலாகி மலைக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு ஆண்டுகள் அவர் சங்கிலியும் கையுமாக வருவதைக் கண்டால், வரப்புத் தகராறு உள்ளவர்கள் முறைத்தார்கள். இல்லாதவர்கள், இனி வந்துவிடுமோ என்று அஞ்சினார்கள். ஒரு வாய் டீ குடிக்க எவரும் அழைத்ததில்லை. கழுத்தில் தொலைநோக்கி ஏறிய பிறகு அவர் 'குருவி சார்' ஆனார். டீயும் வரத் தொடங்கியது. அந்தப் பெயரை விட்டுவிட்டு வெறும் சர்வேயராகத் திரும்பிப் போவதை அவரால் நினைத்துப் பார்க்கவும் முடியாது.

தொழில் புத்தி மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. மற்றவர்கள் "பலா மரத்துல ஒண்ணு" என்று கை நீட்டினால், அவர் "இருநூத்திப் பதினாலுல ரெண்டு பி" என்று எழுதிக்கொள்வார். ஒருமுறை ஒரு கருஞ்சிட்டு எல்லைக்கல்லின் உச்சியில் உட்கார்ந்துவிட்டது. அதை எந்தப் புல எண்ணில் சேர்ப்பது என்று முக்கால் மணி நேரம் ஆலோசனை நடந்தது. கடைசியில் அது எந்தப் பக்கம் எச்சமிட்டது என்பதைக் கொண்டு தீர்ப்பு வழங்கினார்.

மன்றத்தின் மக்கள் நலப் பணிகளையும் சொல்ல வேண்டும். கோடையில் பறவைகள் தாகத்தால் வாடக் கூடாது என்று நூறு மண்கிண்ணங்கள் வரவழைத்து வீடு வீடாகக் கொடுத்தார். "வாசலுக்கு முன்னாடியே ஓடை ஓடுதுங்களே, குருவிக்குச் சட்டி எதுக்குங்க?" என்று கேட்டவர் அத்தாயி, மேட்டுக்குக் கீழே சாமையும் குச்சிக்கிழங்கும் போடுகிறவர். "கீழ் நாட்டுல எல்லா மன்றமும் குடுத்துட்டாங்க, நாம மட்டும் குடுக்காம இருக்கலாமுங்களா?" என்றார் நல்லுசாமி. இப்போது அந்தக் கிண்ணத்தில் அத்தாயி கல்லுப்பு வைத்திருக்கிறார்.

பள்ளி மைதானத்தில் உறுதிமொழி ஏற்பும் நடந்தது. 'பறவைகளின் அமைதியைக் குலைக்க மாட்டோம்' என்ற வாசகத்தை இருநூறு பிள்ளைகள் குழாய் ஒலிபெருக்கியில் வந்த குரலைத் தொடர்ந்து மூன்று முறை முழங்கினார்கள். மைதானத்து ஆலமரத்தில் பழம் தின்றுகொண்டிருந்த குக்குறுவான்கள் அதன்பின் ஒரு வாரம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஆண்டறிக்கையில் அவர் எழுதினார்: 'பறவைகளும் எழுந்து தம் மகிழ்ச்சியைத் தெரிவித்தன.'

தானியம் கொத்தவரும் பறவைகளைத் தகரம் தட்டி விரட்டாதீர்கள், அது இயற்கைக்குரிய பங்கு என்று விவசாயிகளிடம் ஒருநாள் பேசினார். அத்தாயி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பங்கு கேக்கறவிய ஒரு நாளாச்சும் களையெடுக்க வரட்டுமுங்க சாமி" என்றார். அதுவும் ஆண்டறிக்கையில் ஏறியது: 'மலைவாழ் பெண்கள் ஆர்வத்துடன் விவாதித்தனர்.'

இவ்வளவு நிதானமானவர் இந்த ஆண்டு ஒரு காரியத்தில் அவசரப்பட்டுவிட்டார். மலையேறி வரும் கடைசிக் கொண்டை ஊசி வளைவில் நடுவதற்கு ஒரு பலகை எழுதச் சொன்னார். 'நூற்றைம்பது வகைப் பறவைகள் வாழும் மலைக்கு நல்வரவு. கண்டு தொகுத்தவர்: செயலாளர் நல்லுசாமி.' பட்டியலில் இருந்தவையோ நூற்று நாற்பத்தொன்பது. பெயின்டரிடம் முழு எண்ணாகச் சொல்லிவிட்டு, மிச்சம் ஒன்று எப்படியும் கிடைத்துவிடும் என்று இருந்தார். நான்கு மாதமாகக் கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. மாவட்டத்திலிருந்து அதிகாரி வருகிறார். புளியஞ்சோலைப் பறவைக் குழுவும் வருகிறது. பட்டியலை வரிசையாகப் படித்துக்காட்ட வேண்டும் என்று இப்போதே கேட்டிருக்கிறது. "பலகைல எழுதி வெச்சா, குருவி படிச்சுப் பாத்துட்டுக் குடி வந்துருமாக்கும்" என்று அந்தக் குழுவில் ஒருவர் சொன்னது இவர் காதுக்கும் எட்டிவிட்டது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பட்டியலில் குறைந்த அந்த ஒன்று மஞ்சள்தொண்டைச் சின்னான். பாறைப் புதர்களில் மறைந்து திரியும் கூச்சப் பறவை. இந்த மலையில் உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். மன்றத்தின் கண்ணுக்கு மட்டும் அது அகப்பட்டதில்லை. இதை நல்லுசாமி தம்மீது அது கொண்டிருக்கும் சொந்தப் பகையாகவே கருதினார். ஆகவே ஆண்டுக் கணக்கெடுப்பு நாளான இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு உள்ளங்கையளவு ஒலிபெருக்கிகள் இரண்டு தருவித்தார். அப்பறவையின் குரலை எவரோ எங்கோ பதிவு செய்திருந்ததை இரண்டிலும் ஏற்றினார். ஒன்றைத் தாம் வைத்துக்கொண்டு மற்றொன்றை இணைச் செயலாளர் ஜெசிந்தாவிடம் கொடுத்தார். அவர் இங்கே பள்ளியில் அறிவியல் ஆசிரியை; துறையூர்ப் பக்கத்தவர்.

"ஒலிப்பதிவு போட்டுப் பறவையக் கூப்பிடக் கூடாதுன்னு ஏழாவது விதி இருக்கே, சார்."

"அது பொதுமக்களுக்குங்க டீச்சர். நாம செயற்குழு."

அத்தாயியின் கிழங்குக் காட்டுக்கு இந்தப் பக்கப் பாறைமேட்டில் நல்லுசாமியின் அணி, அந்தப் பக்க ஓடைக்கரையில் ஜெசிந்தாவின் அணி. இடையில் போனுக்குச் சிக்னல் கிடையாது. ஏழு மணிக்கு நல்லுசாமி பொத்தானை அழுத்தினார். பெட்டி கூவி ஓய்ந்ததும், தூரத்துப் புதரிலிருந்து அதே குரல் பதிலாக வந்தது. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி பதில். முதலில் இடப்பக்கமிருந்து வந்தது, பிறகு வலப்பக்கமிருந்து வந்தது. "ரெண்டு இருக்குதுங்க" என்று கிசுகிசுத்தார். "எல்லைத் தகராறு." பறவைகளுக்கிடையிலும் தம் துறைக்கு வேலை இருக்கிறது என்று எண்ணியபோது அவர் கண் கலங்கியது. போனில் இருந்த கணக்கெடுப்புப் படிவத்தில் பதிந்தார்: 'மஞ்சள்தொண்டைச் சின்னான். எண்ணிக்கை 2. குரல் மட்டும். அருகில் நாய் மூன்று முறை குரைத்தும் பறவைகள் அஞ்சவில்லை.'

எட்டரை மணிக்கு இரண்டு அணிகளும் காட்டு ஓரத்தில் கூடின. அத்தாயி பிடுங்கிய கிழங்கைக் குவித்துவிட்டு மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கும் கிடைச்சிருச்சு சார்" என்று ஓடைப் பக்கமிருந்து வந்த ஜெசிந்தா மூச்சு வாங்கினார். "நாங்க போடப் போட பதில் வந்துச்சு. நடுவுல ஒரு நாய்தான் விடாமக் குரைச்சுது."

"எந்த நாய்ங்க டீச்சரம்மா?" என்றார் அத்தாயி. "இந்த மேட்டுல ஒருத்தரும் நாய் வளக்கறதில்லீங்களே."

"குரைச்சுதேம்மா. மூணு மூணு தடவையா."

"அது உங்க பொட்டிக்குள்ள கொரைக்குதுங்க. சார் பொட்டிலயும் அதே நாய்தான். நான் நடுவுல கெழங்கு புடுங்கிட்டு இருக்கறேன், இந்தப் பக்கம் ஒண்ணு கத்துது, அந்தப் பக்கம் ஒண்ணு கத்துது. ரெண்டு பொட்டியும் ஏதோ சம்பந்தம் பேசுதாட்டம் இருக்குது, நமக்கெதுக்குன்னு உட்டுட்டேனுங்க."

ஜெசிந்தா தம் பையிலிருந்த ஒலிபெருக்கியை எடுத்து அழுத்தினார். சின்னான் கூவியது. பிறகு, எந்த ஊரிலோ எந்த நாளிலோ பதிவான ஒரு நாய் மூன்று முறை குரைத்தது. பின்னால் நின்ற உறுப்பினர் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

நல்லுசாமி தொப்பியைக் கழற்றினார். வியர்வை இல்லாத நெற்றியைத் துடைத்தார். "அப்போ அந்தக் குருவி இங்க இல்லவே இல்லீங்களா, அத்தாயி?"

"யாருங்க இல்லைன்னா? மஞ்சக் கழுத்துதானுங்களே? அதோ அந்தப் பாறைக்குத் தெனமும் வருமுங்க. இன்னிக்குத்தான் காணோம். வெடியக்காலைல விசிலடிச்சா அது எப்படிங்க வரும்?"

"தெனமும் வருமுங்களா?"

"தெனமும்."

அவர் முகத்தில் சிறிது வெளிச்சம் வந்தது. ஜெசிந்தா அதைக் கண்டுவிட்டார். "சார், நாம பாக்கலை. நாம கேக்கவும் இல்லை. அனுப்பறதுக்கு முன்னாடி பதிவை அழிச்சிருங்க. பலகைல ஒரு நம்பர்தானே, மாத்தி எழுதிக்கலாம். புளியஞ்சோலைக்காரங்க ரெண்டு நாள் பேசுவாங்க, அப்புறம் விட்டுருவாங்க."

"தப்புன்னா தப்புதானுங்க டீச்சர்" என்றார் நல்லுசாமி. "திருத்திக்கறதுதான் மொறை."

மேட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் ஓர் உருண்டைப் பாறையின் உச்சி. முக்காலியை இறக்கி வைத்துவிட்டு அதன்மேல் ஏறினார். கீழே நின்ற பதினான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனைத் திறந்து, மஞ்சள்தொண்டைச் சின்னானுக்கு எதிரே இருந்த 2 என்ற எண்ணைப் பெருவிரலால் அழித்தார். திரையை அவர்களுக்கும் திருப்பிக் காட்டினார். ஜெசிந்தாவுக்கு மூச்சு வந்தது. டீத்தூக்கை எடுக்கத் திரும்பினார்.

நல்லுசாமி வெறுமையாக நின்ற அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதில் 1 என்று இட்டார். பிறகு சிக்னலுக்காகக் கையை வானத்துக்கு உயர்த்தி, பாறையின்மேல் நுனிக்காலில் நின்றார்.