பூட்டிய வாசலில் ஒரு காக்கிப் பை

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் அப்பா ரயிலில் அடிபட்டுச் செத்துவிட்டார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். யாரும் வந்து சொல்லவில்லை. என் வாடகை அறையின் வாசற்படியில் அவருடைய காக்கிப் பை இருந்தது, அவர் இல்லை. அவ்வளவுதான் சாட்சி.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். திருவள்ளூரை ஒட்டிய எங்கள் மணவாள நகரில் எந்த வீட்டில் எது நின்றுபோனாலும் அவருக்குத்தான் ஆள் வரும். ஸ்டவ், கைப்பம்பு, தையல் மிஷின், பூட்டு, கட்டில் கால், எதையும் விடமாட்டார். என் அக்கா கல்யாணத்துக்கே ரிப்பேர் சாமான் பையோடு வந்தவர். விடியற்காலை முகூர்த்தத்தில் பெண்ணைப் பெற்றவர் எங்கே என்று ஐயர் கத்த, பந்தல் மூலையில் பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு ஊசி குத்தி அடைப்பெடுத்துக்கொண்டிருந்தவரை இழுத்து வந்தார்கள்.

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தது. தண்டவாளத்தைத் தாண்டி ஒரு வரிசை வீட்டில் அறை எடுத்தேன். உள்தாழ்ப்பாள் விழாது. ராத்திரி ட்ரங்குப் பெட்டியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துத் தூங்குவேன். ஊருக்குப் போனபோது, "ஞாயித்துக்கெயம வந்து பாத்துக் குடு நைனா, மத்தியானம் ஒண்ணா சாப்புடலாம்" என்று நானேதான் கூப்பிட்டேன்.

"புள்ள ஊட்டுக்கு மொத தபா வரேன். தாப்பா இன்னாடா, கதவையே புச்சா பண்ணிடலாம்" என்றார்.

அந்த ஞாயிறு காலையில் கூட வேலை செய்யும் பையன்கள் மெட்ராஸில் படம் பார்க்கக் கூப்பிட்டார்கள். திருவள்ளூரிலிருந்து எங்கள் பக்கம் வர பேசின் பிரிட்ஜில் வண்டி மாற வேண்டும். அதற்குள் நாலு பேர் நைனாவைப் பிடித்துக்கொள்வார்கள், எப்படியும் பொழுது சாய்ந்துதான் வருவார் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். நான் போன வண்டியும் அவர் வந்த வண்டியும் எங்கேயோ எதிரெதிராகத் தாண்டியிருக்கும். நான் ஜன்னலோரத்தில் விசிலடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தால், பை மட்டும். நைனாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். வரும் வழியில் தண்டவாளம். மீதியை என் மூளையே இட்டு நிரப்பிக்கொண்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சற்று முன் இறங்கி வந்த அதே ஸ்டேஷனுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டம்மா பின்னாலிருந்து ஏதோ கூவினார். ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார் என்றே நினைத்தேன். பைக்குள்ளிருந்த சுத்தியல் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. சூப்பர்வைசரிடம் காரியத்துக்கு எத்தனை நாள் லீவு கேட்பது என்றுகூட ஓடும்போதே யோசித்துவிட்டேன். அவ்வளவு பொறுப்பான பிள்ளை.

ஸ்டேஷனில் போர்ட்டர் ஒருவர் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க நைனா... ரயில்ல..."

"ரயில்ல இன்னா?"

"பொணத்த எங்க வெச்சிக்கீறீங்க?"

அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "ஐயே, வாயக் கயுவு. மணவாள நகரு பெரியவரு தானே? சாயங்கால வண்டில நல்லாத்தான் ஏறிப் போனாரு. போறப்ப இந்தக் கொயாய ஒரு கல்ல வெச்சித் தட்டினாரு பாரு, ஒயுகறது நின்னுபோச்சி. காலைல கொண்டாந்த பை எங்க நைனான்னேன். புள்ள ஊட்ல வேல பாக்கி கீது, அங்கியே வெச்சிட்டேன்னாரு."

வேலை முடியாத வீட்டில் பையை விட்டுவிட்டு வருவது நைனாவின் வழக்கம். பை இருந்தால் ஆள் கட்டாயம் திரும்பி வருவார் என்று அந்த வீட்டுக்காரர்களுக்கு அர்த்தம். மணவாள நகரில் நண்டுசிண்டுக்குக்கூட இது தெரியும். பெற்ற பிள்ளைக்குத்தான் மறந்துபோயிற்று.

சிரித்துக்கொண்டே அறைக்குத் திரும்பினேன். பக்கத்து வீட்டம்மா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"கூவக் கூவ ஓடறியே, பேயி புட்சவனாட்டம்! சோறு போடறேன் வாங்கன்னு எத்தினி தபா கூப்ட்டேன் தெரியுமா உங்க நைனாவ? பையனோட ஒண்ணா சாப்புடறதா பேச்சும்மான்னுட்டாரு. சும்மா குந்தினு இருந்தாரா? என் ஸ்டவ்வப் பிரிச்சிப் போட்டுக்கினாரு. நீங்கதான் பூட்டு ரிப்பேருகாரராச்சே, தொறந்து உள்ள குந்துங்களேன்னேன். அது எம்புள்ள போட்ட பூட்டும்மா, நான் கைவெக்கக் கூடாதுன்னாரு."

அடுத்த ஞாயிறு வந்து தாழ்ப்பாளைப் போட்டுக் கொடுத்தார். "போன வாரம் ஓவர்டைம் நைனா" என்றேன். "சாப்ட்டியாடா அன்னிக்கு?" என்று கேட்டார்.

நைனா போய் வருஷங்களாகிவிட்டன. கல்யாண வீடுகளில் இந்தக் கதையை நான் நடித்தே காட்டுவேன். பையைத் தோளில் போட்டு ஓடுவேன், பிணத்தைக் கேட்பேன், எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். போர்ட்டரோடு நிறுத்திவிடுவேன். பக்கத்து வீட்டம்மா சொன்னதை யாரிடமும் சொன்னதில்லை.

நடந்தது இதுதான். நைனா காலையிலேயே வந்துவிட்டார். கதவு பூட்டியிருந்தது. சாயங்காலம்வரை படியில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடாமல் வண்டியேறிப் போனார்.